வாயிற்கோலமும் வீரர் பெயரும்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

 

இம்மண்டபத்துள் நுழைந்தபோது, வாயிலில் நான்கு வட்டமாக விளங்கும் மாக்கோலத்தைக் கண்டிருப்பீர்கள். இத்தில்லி மாநகரில் உள்ள தேசியப் போர் நினைவிடத்தைக் கருத்திற்கொண்டு, சங்கத்து மகளிரும் சிறுவரும் நாங்களுமாகச் சேர்ந்து இட்ட கோலம் அது. “போர்வீரர் நினைவு என்கிறீர்கள்; துப்பாக்கியையும் காணோம், ஒரு வீரர் பெயரையும் காணோமே!” என்று அன்பர் சிலர் வினவினர். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இவ்வுரையின் நோக்கம்.

போரில் மாய்ந்தார்க்குக் கல் நடுதல் தமிழர்க்குப் புதிதன்று. கல்லைத் தேர்தல் முதல் நட்ட கல்லை வாழ்த்துதல் ஈறாக அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. கல்லிற் பெயரும் பீடும் எழுதி மயிற்பீலி சூட்டிய வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பெற்றன. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் மாய்ந்த அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். அவன் முகம் எத்தகையது என்பதை நாம் அறியோம். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் பெயரை அறிவோம்.

இந்நகரத்து நினைவுச் சின்னங்களும் பெயரையே தாங்கி நிற்கின்றன. லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்த இந்தியா கேட்டிற்கு 1921இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1931இல் திறப்புவிழா நடைபெற்றது. 42 மீட்டர் உயரமுள்ள அவ்வாயிலில் 13,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1972 சனவரி 26ஆம் நாள் அதன் அடியில் அமர் ஜவான் சோதி ஏற்றப்பெற்றது. அங்கே துப்பாக்கி குழல் கவிழ்ந்து தலைகீழாய் நின்றது; அதன்மேல் இரும்புத் தொப்பி இருந்தது. ஆயுதம் தலைகவிழ்ந்து நின்றதே துயரத்தின் குறியீடாயிற்று. அச்சோதி 2022 சனவரி 21இல் புதிய நினைவிடத்துச் சோதியுடன் இணைக்கப்பெற்றது.

விடுதலைக்குப் பின் உயிர்நீத்த வீரர்க்கென அமைந்த அப்புதிய நினைவிடம் 2019 பிப்ரவரி 25ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதனை வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் யோகேஷ் சந்திரகாசன் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். நடுவில் சோதியுடன் அமர சக்கரம். அடுத்து ஆறு வெண்கலச் சிற்பத் தொகுதிகளுடன் வீர சக்கரம். மூன்றாவதாக, கருங்கற்பலகைகளில் வீரர் பெயர் தாங்கிய தியாக சக்கரம். புறத்தே வரிசை மரங்கள் காவல்நிற்கும் இரட்சக சக்கரம். பரம வீர சக்கரம் பெற்றோர்க்கு அருகே மார்பளவுச் சிலைகள் உண்டு. பம்பாயில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, 1987இல் இலங்கையில் அமைதிப்படைப் பணியில் உயிர்நீத்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் சிலையும் அவற்றுள் ஒன்று. சுவரிலோ பெரியவர் சிறியவர் என்ற வேற்றுமை இல்லை; எல்லார்க்கும் ஒரே அளவான கல்.

இவ்வடிவத்தைக் கோலத்தில் அமைக்க முற்பட்ட நாங்கள், மூன்றாம் வட்டத்தில் வீரர் சிலர் பெயரை வண்ணப்பொடியால் எழுதத் திட்டமிட்டோம். முதல் நாள் மாலை, இரண்டு பெயர்கள் எழுதி முடிந்த வேளையில், நம் சங்கத்து மூத்த அம்மையார் ஒருவர் அங்கு வந்தார். அவர் மகன் பெயர் தியாக சக்கரத்தில் உள்ளது. அது அறிந்த நாங்கள், “அம்மா, அடுத்து உங்கள் பிள்ளை பெயரை எழுதப் போகிறோம்” என்று மகிழ்வோடு கூறினோம்.

அவர் சிறிது நேரம் தரையையே நோக்கி நின்றார். பிறகு, “தம்பி, என் பிள்ளை பெயர் அங்கே சுவரில் நிற்கிறது. அதை இங்கே தரையில் கிடத்த வேண்டாமப்பா” என்றார்.

எங்களால் ஒன்றும் பேச இயலவில்லை. நாளை நூற்றுக்கணக்கானோர் கால்படும் இடம் அது; மறுநாள் துடைப்பம் படும் இடம். அழகு ஒன்றையே எண்ணிய நாங்கள் அதனை எண்ணத் தவறினோம். எழுதிய இரு பெயர்களையும் ஈரத்துணியால் நாங்களே ஒற்றி எடுத்தோம். துப்பாக்கி வரைய வைத்திருந்த இடத்தையும் விட்டுவிட்டோம். நடுவே ஒரு குத்துவிளக்கு, சுற்றிலும் ஆறு தாமரை, மூன்றாம் வட்டத்தில் வெறுங்கட்டங்கள், புறத்தே பச்சைப்பொடியால் மரங்கள் என்று கோலம் முடிந்தது. அவ்வெறுங்கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு வெண்பூ உள்ளது. முதற்பூவை வைத்தவர் அவ்வம்மையாரே.

பெயர்களை நாங்கள் கைவிடவில்லை. நம் உறுப்பினர் குடும்பங்களைச் சார்ந்த வீரர்களின் பெயர், படையெண், படைப்பிரிவு ஆகியவற்றை எழுதிய மரப்பலகையை வாயிற்சுவரில் கண்மட்டத்தில் மாட்டியுள்ளோம். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் எம்போன்றோர்க்குப் பெயரும் எண்ணும் எழுதுவதே அன்றாடத் தொழில். சரக்குச் சீட்டில் ஓரெண் பிழைத்தால் மூட்டை வழிதவறிப் போகும், தேடி மீட்டுவிடலாம். வீரன் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தால் வேறொருவனை நினைத்தவர்களாவோம். ஆங்கில எழுத்திற் கண்ட பெயரைத் தமிழில் எழுதுங்கால், லகரமா ளகரமா ழகரமா என்று அவரவர் வீட்டாரைக் கேட்டே எழுதினோம். மும்முறை ஒப்புநோக்கினோம். ஒரு தந்தையார் தம் மகன் பெயரைத் தாமே எழுதித் தந்தார்.

அன்பர்களே! குறியீட்டுக் கலை என்பது போரை அழகுபடுத்திக் காட்டுவதன்று. போனவரை நம் கண்முன் நிறுத்துவது. அதனைச் செய்வோர் வண்ணம் எடுக்குமுன் அவ்வீட்டாரின் வாய்ச்சொல்லைக் கேட்டல் வேண்டும். நாங்கள் சற்றுத் தாமதித்தே கேட்டோம், எனினும் கேட்டோம்.

கோலம் நாளைக் காலை கலைந்துவிடும். அதுவே கோலத்தின் இயல்பு. பலகை நம் சங்க நூலகத்தில் நிலைத்திருக்கும். வீடு திரும்புமுன் ஒரு கணம் அதன்முன் நின்று, ஒரு பெயரையேனும் வாய்விட்டுப் படித்துச் செல்லுமாறு உங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்.