குறுக்கெழுத்துப் புதிரும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பாயசம் எப்போது வரும் என்று முன்வரிசையில் குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.

கற்றறிந்த பெருமக்கள் நிற்க வேண்டிய இவ்விடத்தில், பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பார்சல் ஆபீசில் ரசீது எழுதிக்கொண்டிருக்கும் நம்மை நிறுத்திவிட்டார் காரியதரிசி. இலக்கியம் பேசுக என்றார். அது நம்மால் ஆகாது, குறுக்கெழுத்துப் புதிரைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறோம் என்றோம். ஒப்புக்கொண்டார். ஆகவே பிழையில் பாதி அவரைச் சேரும்.

இப்பழக்கம் நம்மைப் பற்றிக்கொண்டது அலுவலகத்திலேதான். முன்பு தலைமைக் குமாஸ்தாவாக இருந்த வங்காளப் பெரியவர் ஒருவர் பகலுணவு முடிந்ததும் ஆங்கிலப் பத்திரிகையின் கட்டங்களை விரித்துக்கொண்டு உட்காருவார். பட்டதாரிகளின் விளையாட்டு என்று நாம் ஒதுங்கியே இருந்தோம். ஒருநாள் அவரே அழைத்து, "இதற்கு ஆங்கிலம் அதிகம் வேண்டாம், தம்பி. எழுதியவன் பேச்சை அப்படியே நம்பாமல் இருந்தால் போதும்" என்றார். அன்று ஒரே ஒரு விடை கண்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இவ்விளையாட்டு அப்படியொன்றும் பழையதன்று. 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், நியூயார்க் வேர்ல்டு என்னும் பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதற் புதிரை வெளியிட்டார். அதில் நேரான வினாக்களே இருந்தன. வினாவுக்குள் சூழ்ச்சியை ஒளித்து வைக்கும் வழக்கம் பின்னர் இங்கிலாந்தில் வளர்ந்தது. எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் என்பவர் 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் டார்க்குமேடா என்ற புனைபெயரில் புதிர் தொடுத்தார். பழைய ஸ்பெயின் நாட்டில் மக்களை வதைத்த மத விசாரணைத் தலைவரின் பெயர் அது. வாசகர்களை என்ன செய்ய எண்ணினார் என்பது பெயரிலேயே விளங்கும்!

சூழ்ச்சி என்றோமே, அதற்கும் ஒரு நேர்மை உண்டு. ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் நேர்ப்பொருள் முதலிலோ முடிவிலோ நின்றாக வேண்டும். எஞ்சிய சொற்கள் அவ்விடையைக் கட்டும் வழியைச் சொல்லும். அடைப்புக்குறிக்குள் உள்ள எண் கட்டங்களின் கணக்கு. தொடுப்பவர் நம்மை ஏய்க்கலாம், பொய் சொல்லலாகாது.

தமிழில் நாமே தொடுத்த சிலவற்றைச் சொல்லுகிறோம். "ஐந்துக்குப் பின் ஓடுவது (2)". விடை ஆறு. ஐந்துக்கு அடுத்த எண்ணும் அதுவே, ஓடும் நீரும் அதுவே. இது நம் காளமேகப் புலவர் கைவந்தவராயிருந்த சிலேடை. அடுத்தது, "குழம்பிய நகரம் பாவிகள் போய்ச் சேருமிடம் (4)". பாவிகள் சேருமிடம் என்பது நேர்ப்பொருள். குழம்பிய என்னும் சொல், நகரம் என்பதன் எழுத்துகளைக் கலைத்துப் போடுக என்று கட்டளையிடுகிறது. கலைத்தால் நரகம். மாதக் கடைசியில் தொடுத்தது, மன்னிக்க வேண்டுகிறோம்.

"பட்டத்தை அடுத்துப் பட்டணம், காமராசர் பிறந்த ஊர் (6)" என்பது இன்னொன்று. பட்டம் என்றால் விருது, பட்டணம் என்றால் நகர், சேர்த்தால் விருதுநகர். இதைத் தொடுத்தபோது புதுமை செய்துவிட்டோம் என்று பெருமிதம் கொண்டோம். அது நெடுநாள் நிலைக்கவில்லை. நம் சங்க நூலகத்தில் அட்டை கிழிந்த தண்டியலங்கார உரை ஒன்று இருக்கிறது. தூசி தட்டும் முறை வந்தபோது பிரித்துப் பார்த்தோம். சித்திரகவி என்ற தலைப்பின்கீழ் வினாவுத்தரம் என்று ஒன்று! துண்டு துண்டாக வினாக்கள் கேட்டு, அவற்றின் விடைகளைக் கோத்தால் முழுவிடை வருவது. நம் விருதுநகர் அதன் சிறு பேரன். ஒரு பாட்டின் எழுத்துகளுக்கிடையே வேறொரு பாட்டு மறைந்திருப்பது கரந்துறை பாட்டு. ஒரு சொல்லினின்று எழுத்தை ஒவ்வொன்றாக நீக்க, வேறு வேறு பொருள் தருவது அக்கரச்சுதகம். முன்பின்னாகப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று. ஞானசம்பந்தர் அவ்வகையில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். வெள்ளைக்காரர் புதிரில் நாம் கண்டு வியந்த வித்தைகளுக்கெல்லாம் நம்மவர் எப்போதோ பெயரிட்டு வைத்துவிட்டனர்.

அக்கரச்சுதகத்துக்கு நம்மால் இயன்றது இது: "இடையில் ஒன்றைத் தொலைத்த பயணம் செலவுக்கு ஆகும் (3)". பயணத்தில் யகரம் போனால் பணம். "தலையிழந்த மதுரையை ஆண்ட வெள்ளைக்காரர் (2)" என்றால் துரை.

தமிழில் ஒரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியே கிடப்பதால் கலைத்துப் போடுவது எளிது. நமக்கு உயிர்மெய் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒற்றெழுத்துக்கோ தனிக் கட்டம் கொடுத்தாக வேண்டும். ஒரு நல்ல குறிப்புக்கு நாலு நாள் ஆவதும் உண்டு.

இந்தத் தொல்லைதான் நம் வீட்டில் வேறு வகையில் உதவியது. நம் இளைய மகள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்தறியாள். இந்தக் காலனியில் எத்தனை வீடுகளில் இதே நிலை என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அரிச்சுவடி வாங்கி வைத்தோம், ஓடினாள். கட்டங்களைப் போட்டு வைத்தோம், வந்து உட்கார்ந்தாள். 'ம்' என்பதற்குத் தனிக் கட்டம் உண்டா என்று கேட்டுக் கேட்டே எழுத்துகள் பிடிபட்டன.

ஊரிலிருந்து அவளுடைய அப்பத்தா எழுதும் கடிதங்களை நாம்தான் உரக்கப் படித்துக் காட்டுவது வழக்கம். படிக்கும்போது சில வரிகளைத் தாண்டிவிடுவதும் வழக்கம். சென்ற ஆண்டு தை மாதத்தில் வந்த கடிதத்தை அவள் தானே எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள். கண்ணில் புரை வளர்ந்துவிட்டது, இனி எழுத இயலுமோ என்னவோ, முகம் தெரியும்போதே பேத்தியை ஒருமுறை கூட்டிவந்து காட்டிவிடு என்று அதில் இருந்தது. "அப்பா, போன கடிதத்திலும் இப்படி எழுதியிருந்தார்களா?" என்று கேட்டாள். இருந்தது. அதற்கு முந்தியதிலும் இருந்தது. கையில் பாஸ் உண்டு, லீவுதான் இல்லை என்று நாம் ஒவ்வொரு முறையும் நமக்கே சொல்லிக்கொண்டிருந்தோம். பழைய கடிதங்களையெல்லாம் அவள் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு வாரம் உட்கார்ந்து படித்தாள். நாம் தடுக்கவில்லை. அவ்வாண்டு மே மாதம் லீவு எழுதிக் கொடுத்து ஊருக்குப் போனோம். மதுரையில் ஒரு கண்ணுக்கு அறுவை நடந்து, கட்டுப் பிரித்த அன்று பேத்தி எதிரில் நின்றாள்.

திரும்பும் ரயிலில் அவளே ஒரு குறிப்புத் தொடுத்தாள்: "ஈசனை அழை, திரும்பப் படி (2)". விடையை நாம் சொல்லப்போவதில்லை. முன்வரிசைக் குழந்தைகள் கண்டுபிடித்து, தமிழில் எழுதி, பாயசத்துக்கு முன் காரியதரிசியிடம் கொடுக்கலாம்.