சட்டம் சுவையான பாடமா?



சட்டப் படிப்பு என்றதும் நம்மில் பலருக்குக் கறுப்பு அங்கியும் கனத்த புத்தகங்களும்தான் நினைவுக்கு வருகின்றன. "அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு, வெறும் மனப்பாடம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், அதில் இறங்கியவர்கள் பலர் வாழ்நாள் முழுவதும் அதிலேயே மூழ்கிக் கிடக்கிறார்களே, ஏன்? "இதற்கு யார் பொறுப்பு?" என்ற கேள்விக்கு விடை தேடும் கலைதான் சட்டம். அந்தத் தேடலில்தான் அதன் சுவை இருக்கிறது.

ஒரு வழக்கைப் பார்ப்போம். 1928 ஆகஸ்டு மாதம், ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்னும் ஊரில், கடைச் சிப்பந்தியாக வேலை செய்த டானகியூ என்னும் ஏழைப் பெண் ஒரு சிற்றுண்டிக் கடைக்குப் போனார். உடன் வந்த தோழி அவருக்கு ஒரு புட்டி இஞ்சி பானம் வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றியபோது, அழுகிய நத்தை ஒன்று விழுந்ததாம். அந்தப் பெண் நோயில் விழுந்தார்.

யாரிடம் ஈடு கேட்பது? காசு கொடுத்து வாங்கியவர் தோழி. ஆகவே கடைக்காரருக்கும் இவருக்கும் ஒப்பந்தம் இல்லை. புட்டியோ உள்ளே இருப்பது தெரியாத நிறம். கடைக்காரரைக் குறை சொல்லவும் வழியில்லை. பானம் தயாரித்தவரையோ இவர் கண்ணால் கண்டதுமில்லை. வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபை வரை போனது. 1932 மே மாதம் ஐந்து நீதிபதிகளில் இருவர் மறுத்தனர், மூவர் ஏற்றனர். நம் செயலால் யாருக்குத் தீங்கு வரக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்க வேண்டுமோ, அவர்கள் எல்லாரும் நமக்கு அண்டை அயலார். அவர்களிடம் நமக்குப் பொறுப்பு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். இதில் வேடிக்கை என்னவென்றால், புட்டியில் நத்தை இருந்ததா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் கடைசிவரை விசாரிக்கவே இல்லை! "இருந்திருந்தால் யார் பொறுப்பு?" என்பது மட்டுமே முடிவானது. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

எங்கோ நடந்த கதை என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை நம் நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்ற 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் வழி வகுத்தது. அதனால் அந்த ஏழைப் பெண் எழுப்பிய கேள்வி நம் ஊர் வழக்குகளுக்கும் வழிகாட்டியாக இருக்கிறது.

இனி, நம் தோட்டத்துக்கு வருவோம். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லை நம் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்ட அந்தக் காலத்தில்தான், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பின்னாளிலும் தோட்டங்கள் கைமாறின, வீடமைப்புக்கும் போயின. அங்கே இருபது ஆண்டு பால் மரம் வெட்டிய ஒருவர், தாம் ஒப்பந்தமே செய்துகொள்ளாத புது முதலாளியிடம் எதைக் கேட்பது?

தீபகற்ப மலேசியாவில் இதற்கு 1980ஆம் ஆண்டின் வேலை முடிவு, ஆட்குறைப்பு நன்மைகள் விதிகள் விடை சொல்கின்றன. புது முதலாளி ஏழு நாட்களுக்குள், முன்பைவிடக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். தொழிலாளி அதை ஏற்றால் பழைய சேவையும் தொடர்ந்து கணக்கில் சேரும். வேலை தர முன்வராவிட்டால், ஓராண்டுக்குக் குறையாமல் உழைத்தவருக்கு ஈட்டுத் தொகை உண்டு. இரண்டு ஆண்டுக்கு உட்பட்ட சேவைக்கு, ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டால் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 20 நாள்.

கணக்குப் போடுங்கள். இருபது ஆண்டு சேவைக்கு 400 நாள் சம்பளம். "பழைய கணக்கு செல்லாது, இங்கே ஓராண்டுதான்" என்று யாராவது சொல்லி, அதை அவர் நம்பிவிட்டால் 10 நாள்தான். "தொடர்ந்த சேவை" என்ற இரண்டே சொற்களில் ஒரு குடும்பத்தின் 390 நாள் சோறு அடங்கியிருக்கிறது! சொல்லுக்கு இவ்வளவு எடை உள்ள பாடம் சலிக்குமா?

புகார் கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை. இரு தரப்பையும் அழைத்து விசாரித்து உத்தரவிட, 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தொழிலாளர் இலாகாவுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆனால் அங்கே கண்ணீரைவிடக் காகிதமே அதிகம் பேசும். வேலைக்குச் சேர்ந்த கடிதம், சம்பளச் சீட்டு, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றை நகைபோல் பத்திரப்படுத்துங்கள்.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் பிள்ளை எதற்கெடுத்தாலும் "ஏன்? எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டால் வாயாடி என்று அடக்காதீர்கள். சட்டத்துக்கு வேண்டிய முதல் தகுதி அதுதான். அதோடு மலாயும் ஆங்கிலமும் நன்றாக வரவேண்டும்; பொறுமையாகப் படிக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் சட்டம் கற்பிக்கப்படுகிறது. பட்டத்துக்குப் பின் மூத்த வழக்கறிஞரிடம் ஒன்பது மாதப் பயிற்சி உண்டு. நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமே தொழிலன்று. அரசாங்க வேலையும் தொழிற்சங்க வேலையும் காத்திருக்கின்றன. ஏழைகளுக்காக வாதாடியவர் என்று மக்கள் நினைவில் நிற்கும் டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரை ஈப்போவில் ஒரு பூங்கா தாங்கி நிற்கிறது.

சட்டம் படித்த எல்லாரும் செல்வராவதில்லை. ஆனால் பெரட்டுக்களத்தில் நிற்கும் ஒருவர், தம் உரிமை எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று அறிந்து, நிமிர்ந்து பேசுவதற்கு ஒரு படித்த பிள்ளை போதும். அந்தப் பிள்ளை நம் லயத்திலிருந்தே வரட்டும்.