குழாய்த் தண்ணியும் நம்ம வீட்டுச் செலவும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரை)



பொருளாளர் என்றால் கணக்கு வாசிப்பார் என்று நினைத்திருப்பீர்கள். கணக்கு மலரிலேயே அச்சாகியிருக்கிறது, பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள். நான் தண்ணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் கணக்குதான்.

முன்பெல்லாம் உள்கடன் மனு வந்தால் பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி, தறி சாமான் என்று இருக்கும். இப்போது "தண்ணி மிஷின் வாங்க 15,000 ரூபாய்" என்று வருகிறது. ஏம்மா என்று கேட்டால், "குடத்துல வெள்ளையா படியுதுக்கா, பருப்பு வேகல, சோப்பு நுரைக்கல, தலைமுடியெல்லாம் நார் மாதிரி ஆகுது" என்கிறார்கள். பொய்யில்லை, என் வீட்டிலும் அப்படித்தான்.

மழைத் தண்ணி மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டு வரும்போது சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதைத்தான் கடின நீர் என்கிறோம். சோப்பைப் போட்டால் அது முதலில் இந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாக அழுக்காகிவிடும். மிச்சம் இருந்தால்தான் நுரை. ஒரு லிட்டரில் 400 மில்லிகிராம் கடினம் இருக்கிற தண்ணி என்று வையுங்கள். 15 லிட்டர் பக்கெட்டில் நுரை வருவதற்கு முன்பே 30 கிராமுக்கு மேல் சோப்பு வீணாகும். மாதம் எத்தனை பக்கெட் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் சோப்பு நம்ம துணிக்கு மட்டுமில்லை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பசை. அதை சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். தண்ணி கடினமாக இருந்தால் அந்தச் சோப்பு அழுக்கு நூலிலேயே ஒட்டும். சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், பளபளப்பு மங்கும். பாலாற்றுத் தண்ணியால்தான் காஞ்சிப் பட்டுக்கு மினுமினுப்பு என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அந்த ஆற்றில் மேலே தோல் பதனிடும் கழிவு கலந்து உப்பு ஏறியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவர்தான் செலவை ஏற்கணும் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது, ஆறு இன்னும் பழையபடி வரவில்லை.

சரி, மிஷினுக்கு வருகிறேன். விற்க வருகிறவர் கையில் ஒரு கருவி இருக்கும். இரண்டு கிளாஸ். ஒன்றில் நம்ம குழாய்த் தண்ணி, இன்னொன்றில் அவர் மிஷின் தண்ணி. இரண்டிலும் கம்பியை விட்டு சுவிட்சைப் போடுவார். நம்ம தண்ணி பழுப்பாக, பச்சையாகக் கலங்கும். அவருடையது அப்படியே இருக்கும். "இதைத்தான் உங்க பிள்ளைக்குக் கொடுக்கறீங்களா?" என்பார். எந்தத் தாய்க்குத்தான் பதறாது?

அந்த அழுக்கு தண்ணியில் இருந்தது இல்லை, அந்தக் கம்பியிலிருந்து வந்தது. தண்ணியில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்புக் கம்பி கரைந்து துருவாக இறங்கும். மிஷின் தண்ணியில் உப்பு மிகக் குறைவு, அதனால் கரைவதில்லை. அடுத்த முறை வந்தால், அவர் தண்ணியிலேயே ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டு, "இப்போ சுவிட்சைப் போடுங்க தம்பி" என்று சொல்லுங்கள். நீங்கள் கம்பியைத் தொட வேண்டாம்.

மிஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. உப்பு அதிகமான போர் தண்ணியை மட்டும் நம்பியிருக்கிற வீட்டுக்கு அது தேவைப்படலாம். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணி எடுக்க, வீட்டு மிஷின் ஒரு குடத்துக்கு மேல் வெளியே கொட்டுகிறது. கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கிற இடங்களில் இந்த ஆர்.ஓ. மிஷின்களைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் உத்தரவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்கள் கழிவுத் தண்ணியைப் பிடித்து வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள்.

"உப்புத் தண்ணி குடிச்சா கல்லடைப்பு வரும்" என்று ஒரு பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கடின நீரால்தான் வருகிறது என்று உறுதியாகவில்லை. உலக சுகாதார நிறுவனமும் கடினத்துக்கென்று உடல்நல வரம்பு எதையும் வைக்கவில்லை. நம்ம நாட்டுக் குடிநீர்த் தரத்தில் 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை ஏற்கலாம். தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கணுமே என்று நாள் முழுக்கத் தண்ணியே குடிக்காமல் இருக்கிறோம் பாருங்கள், கல்லுக்கு அதுதான் பெரிய வழி.

வீட்டில் செய்யக்கூடியது இருக்கிறது. தண்ணியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் கடினத்தில் ஒரு பகுதி வெள்ளையாக அடியில் தங்கும். மேல் தண்ணியை இறுத்து அதில் பருப்பு வேக வையுங்கள், கேஸ் மிச்சம். பருத்தித் துணிக்கு முதலில் சலவைச் சோடாவைத் தண்ணியில் கரைத்து, அரை மணி நேரம் விட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். பட்டுக்குச் சோடா ஆகாது, அது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்துப் படிவுக்குப் புளியோ எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்க விடுங்கள். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தைப் போக்காது. மழைத் தண்ணியைவிட மெதுவான தண்ணி கிடையாது. 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நம்மில் எத்தனை வீட்டுக் குழாய் இன்னும் தொட்டியைத் தொடுகிறது?

என் கோரிக்கை இதுதான். தண்ணி மிஷினுக்கு உள்கடன் கேட்கிற மனுவோடு பரிசோதனைச் சீட்டும் இருக்கட்டும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் கடினம், டிடிஎஸ், ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் தனித்தனியாகப் பார்த்துச் சொல்வார்கள். கடைசி இரண்டும்தான் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை, அவை கொதிக்க வைத்தாலும் போகாது. வீட்டுக்கு வீடு கட்ட வேண்டாம், தெருவுக்கு ஒன்று போதும். பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, செவிலிமேடு, சின்ன காஞ்சிபுரம் குழுக்கள் முதலில் தொடங்கட்டும். குழாய்த் தண்ணி ஒரு கேன், போர் தண்ணி ஒரு கேன். சுத்தமான இரண்டு லிட்டர் கேனை அதே தண்ணியால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். தெருப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டு வாங்க, ஆய்வகத்துக்கு நானே எடுத்துப் போகிறேன்.