நிரூபிக்க வேண்டியது யார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் பண்ணி, "நிர்வாகத்தில் நெறிமுறை, அதைப் பற்றிப் பேசு தம்பி" என்றார். நான் மேடைப் பேச்சாளன் இல்லை. ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் மெக்கானிக்கல் இன்ஜினீயர். லஞ்சம் வாங்காதே, பொய்க்கணக்கு எழுதாதே என்று சொல்ல நான் இங்கே வரத் தேவையில்லை. அதை உங்கள் வீட்டுப் பாட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார். படித்த, அனுபவமுள்ள, நல்ல மனிதர்கள் ஓர் அறையில் கூடி உட்கார்ந்து எப்படி ஒரு விபரீதமான முடிவை எடுக்கிறார்கள்? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் யோசிக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொண்டது சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் கதை. 1986-ல் நடந்தது. நம்மில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அந்த மீட்டிங் இன்றைக்கும் ஏதோ ஒரு கம்பெனியில் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

விண்வெளி ஓடத்தின் இரு பக்கமும் இரண்டு பெரிய திட எரிபொருள் ராக்கெட்டுகள் இருக்கும். அவற்றைத் தயாரித்தது யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோக்கால் என்ற கம்பெனி. ராக்கெட்டைத் துண்டு துண்டாகச் செய்து ரயிலில் ஃபுளோரிடாவுக்கு அனுப்புவார்கள். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இணைப்பார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சூடான வாயு வெளியே வராமல் தடுப்பது இரண்டு ரப்பர் வளையங்கள். ஓ-ரிங் என்று நாம் படித்தோமே, அதுதான். தடிமன் சுமார் 7 மில்லிமீட்டர். ராக்கெட் பற்றியவுடன் உள்ளழுத்தத்தில் இணைப்பு லேசாக விரியும். அந்த விநாடியே ரப்பர் எழும்பி இடைவெளியை அடைக்க வேண்டும். குளிரில் ரப்பர் இறுகிவிட்டால் எழும்பத் தாமதமாகும். வீட்டுக் குக்கரில் பழைய காஸ்கெட் இறுகிப்போனால் ஓரத்தில் ஆவி அடிக்கிறது இல்லையா, ஏறக்குறைய அதே கதை.

1985 ஜனவரியில் ஒரு குளிர் நாளில் ஏவிய ஓடத்தின் ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்து, கிரீஸ் கரியாகக் கறுத்திருந்தது. அப்போது அந்த இணைப்பின் வெப்பநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதைப் பார்த்தவர் ரோஜர் போஜொலே என்ற இன்ஜினீயர். இதைச் சரி செய்யாவிட்டால் உயிரிழப்பு ஏற்படலாம் என்று 1985 ஜூலையில் மேலதிகாரிக்கு எழுத்து மூலமாகவே எச்சரித்தார்.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை சேலஞ்சர் கிளம்ப வேண்டும். இரவில் உறைநிலைக்குக் கீழே குளிர் போகும் என்று வானிலை அறிக்கை. தொலைபேசி வழியே கூட்டம் நடந்தது. தயோக்கால் இன்ஜினீயர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம். கம்பெனியின் இன்ஜினீயரிங் துணைத் தலைவர் ராபர்ட் லண்டும் அதையே பரிந்துரைத்தார். நாசா தரப்புக்கு இது பிடிக்கவில்லை. அப்படியானால் ஏப்ரல் வரை காத்திருக்கச் சொல்கிறீர்களா என்ற தொனியில் கேள்வி வந்தது. உங்கள் புள்ளிவிவரம் போதாது என்றார்கள்.

போதாது என்பது உண்மைதான். அத்தனை குளிரில் அதுவரை ஏவியதே இல்லையே, புள்ளிவிவரம் எங்கிருந்து வரும்?

தயோக்கால் 5 நிமிஷம் அவகாசம் கேட்டது. அரை மணி நேரம் ஓடியது. போஜொலேவும் ஆர்னி தாம்ப்சன் என்ற இன்னொரு இன்ஜினீயரும் படம் வரைந்தும் போட்டோ காட்டியும் மன்றாடினார்கள். கடைசியில் மூத்த துணைத் தலைவர் ஜெரால்டு மேசன், இது நிர்வாக முடிவு என்றார். லண்டைப் பார்த்து, இன்ஜினீயர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். நான்கு மேனேஜர்கள் முடிவெடுத்தார்கள். அதே அறையில் இருந்த இன்ஜினீயர்களை யாரும் கேட்கவில்லை. ஏவலாம் என்று பரிந்துரை மாறியது.

நாசா அதை எழுத்தில், கையெழுத்தோடு கேட்டது. ஃபுளோரிடாவில் இருந்த கம்பெனியின் மூத்த பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். யூட்டாவிலிருந்து ஜோ கில்மின்ஸ்டர் என்ற துணைத் தலைவர் கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். மறுநாள் காலை 11.38-க்குச் சேலஞ்சர் கிளம்பியது. அப்போது வெப்பநிலை சுமார் 2 டிகிரி. 73 விநாடியில் வானத்திலேயே சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உட்பட 7 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் லண்ட் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை உலுக்கியது. வழக்கமாக, பறப்பது பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் பறக்க முடியும். அந்த இரவில் அது தலைகீழாகிவிட்டது. இது நிச்சயம் கெட்டுப்போகும் என்று நிரூபிக்க முயன்றோம், நிரூபிக்க முடியவில்லை என்ற பொருளில் அவர் சாட்சி சொன்னார். ஏவுவதற்கு இறுதி உத்தரவு கொடுத்த மேல்மட்ட அதிகாரிகளுக்கு, இன்ஜினீயர்கள் எதிர்த்த விஷயமே தெரியாது என்றும் விசாரணைக் குழு கண்டறிந்தது.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். சந்தேகப்படுகிறவன் தலையில் நிரூபிக்கும் பாரத்தை ஏற்றி வைத்தால், அந்த மீட்டிங்கில் தப்பான முடிவு பாதி எடுத்தாகிவிட்டது.

17 வருஷம் கழித்து, 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா ஓடம் அழிந்தது. நம் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் போனார்கள். கிளம்பும்போதே நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் அடித்ததைப் பார்த்த இன்ஜினீயர்கள், விண்வெளியில் இருக்கும்போதே படம் எடுத்துப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். நிர்வாகம் அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆபத்து உண்டு என்று இன்ஜினீயர்களே நிரூபிக்க வேண்டிய நிலையில் இருந்தார்கள் என்று அந்த விசாரணைக் குழுவும் எழுதியது. பாடம் படித்த அதே நிறுவனத்தில்!

நம் ஊருக்கு வருவோம். நம்மில் ராக்கெட் விடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் மாசக் கடைசி டெஸ்பாட்ச் எல்லோருக்கும் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையில் பிரேக் சம்பந்தப்பட்ட ஒரு பார்ட்ஸ் லாட்டில் கடினத்தன்மை அளவு வரம்புக்கு வெளியே வந்தது. கொஞ்சம்தான் வெளியே. லாரி வாசலில் நிற்கிறது. பிளான்ட் மேனேஜர் எங்கள் சீனியரிடம், "இதனால ஏதாவது ஆகும்னு உங்களால நிரூபிக்க முடியுமா?" என்றார். சீனியர் குரலை உயர்த்தவே இல்லை. "முடியாது சார். ஆகாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, இப்பவே விட்டுடறேன்" என்றார். யாரும் பேனாவை எடுக்கவில்லை. லாட் நின்றது. லாரி காலியாகப் போனது. கஸ்டமரிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு கதை.

அன்றிலிருந்து நான் மூன்று விஷயங்களைப் பழக்கமாக வைத்திருக்கிறேன். ஒன்று, மீட்டிங்கில் பேச்சு சூடாகும்போது, இப்போது நிரூபிக்க வேண்டியது யார் என்று வாய்விட்டுக் கேட்பது. எல்லாவற்றுக்கும் இது வேண்டாம். பெயின்ட் கலரை மாற்றுவதற்கு எதற்கு நிரூபணம்? உயிர், உடல், அடுத்தவர் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் கேட்டால் போதும். இரண்டு, முடிவின் கீழே பெயர் எழுதுவது. 'கமிட்டி முடிவு' என்று எழுதினால் அது யாருடைய முடிவும் இல்லை. யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பதும் மினிட்ஸில் வர வேண்டும். அது மேலே போகவும் வேண்டும். மூன்று, அந்தப் பொருளைக் கையால் தொட்டு வேலை செய்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ என்னப்பா நினைக்கிறே?" என்று கேட்பது. தானாகப் பேசட்டும் என்று விட்டால் ஜூனியர்கள் பேச மாட்டார்கள்.

ஏன் பேச மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் கடன், பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ். போஜொலேவும் சும்மா தப்பவில்லை. விசாரணையில் உண்மையைச் சொன்ன பிறகு கம்பெனியில் ஒதுக்கப்பட்டு வேலையை விட்டார். பிறகு பல ஆண்டுகள் இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மெக்டொனால்டையும் ஓரங்கட்டினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகுதான் அவருக்கு மரியாதை திரும்பியது. பழுதான அந்த இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பே அவரிடம் வந்தது. 1988 செப்டம்பரில் விண்வெளி ஓடம் மறுபடியும் பறந்தது.

ஆகவே ஜூனியர்களைப் பார்த்து "தைரியமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிட முடியாது. இங்கே முன்வரிசையில் பொது மேலாளர்களும் இயக்குநர்களும் இருக்கிறீர்கள். ஊழியர்கள் புகார் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. ஆனால் கெட்ட செய்தி கொண்டுவந்த பையனுக்கு அடுத்த இன்கிரிமென்டில் என்ன ஆனது என்பதை ஷாப் ஃபுளோர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கொள்கையை அப்புறம் யாரும் படிக்க மாட்டார்கள்.

நீங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் உங்கள் டிபார்ட்மென்டில் கடைசியாக வந்து சேர்ந்த இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். நாம் செய்கிறதில் உனக்கு எது உறுத்துகிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை சார் என்றுதான் முதலில் சொல்வான். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.