உடல் எடையும் உடல் வலிமையும்
(வல்லத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மெலிந்தவர் நலமுடையவர், பருத்தவர் நோயாளர் என்று கருதுவது நெடுநாளைய வழக்கம். செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரரைத் தொழ ஏறுவோரைப் பார்த்தால் அவ்வழக்கம் ஐயத்திற்குரியதாகும். பாதி வழியில் மூச்சிரைத்து அமர்பவர் மெலிந்தவராகவும் இருக்கலாம். தளராது ஏறுபவர் சற்றே பருத்தவராகவும் இருக்கலாம்.

கிலோ எடையை, மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் காண்பது உடல் நிறைக் குறியீட்டெண். அதற்கு அடிப்படையான கணக்கைப் பெல்ஜிய அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் வகுத்தது, மக்கள்தொகுதியின் சராசரியை அறிவதற்கே. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதை அது காட்டாது.

2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே சான்றாக வைத்தனர். இருவர்க்கும் குறியீட்டெண் 22.3. யுட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கோ 21.2. முன்னவர் மாரத்தான் ஓடுபவர். பின்னவரின் பயிற்சி, மருத்துவமனை மின்தூக்கியின் கதவு மூடுமுன் ஓடிச் சேர்வதே என்று அக்கட்டுரை நகையாடியது. அவர் குறைந்த எடையுடன் பிறந்தமையும் காரணமாகலாம் என்று சுட்டியது.

இந்தியர்க்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் நேர்வதால், இந்திய வல்லுநர்கள் 2009இல் மிகை எடையின் தொடக்கத்தை 25இலிருந்து 23ஆகக் குறைத்தனர். இடைச் சுற்றளவு ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 சென்டிமீட்டரை எட்டுதல் ஆகாது. எடைப்பொறியினும் தையற்காரரின் அளவுநாடா இங்கு மிகுதியாகப் பேசும்.

ஏர் பிடித்தும் வரப்பு வெட்டியும் வாழ்ந்த நயினார் குடும்பங்களில், உழைப்பு இன்று டிராக்டருக்கும் இருசக்கர வண்டிக்கும் மாறிவிட்டது. இலையில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. வாரந்தோறும் 150 நிமிடம் விரைநடையும், இரு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் பெரியோர்க்கு வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

உண்ணாநோன்பு ஆன்மாவிற்குரியது, எடை குறைக்கும் சூழ்ச்சியன்று. பட்டினியால் குறையும் எடையில் தசையும் கரையும். நீரிழிவிற்கு மாத்திரையோ இன்சுலினோ கொள்வோர், நோன்பு ஏற்குமுன் மருத்துவரைக் கலந்தே ஆகவேண்டும். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்வது உயிர்க்கு ஊறு. எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை என்னும் அறத்தில் தம் உயிரும் அடங்கும்.