கடை பெருகட்டும், அதுக்கு முன்னால கணக்கு வரட்டும்!

(ஆர்ப்பாட்ட விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கரூர் - திண்டுக்கல் நாலுவழிச் சாலையில், நம்ம ஊர் பிரிவுக்கிட்ட இருக்கிற மோட்டல் உங்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து மதுரை, நாகர்கோவில் போற ஆம்னி பஸ்கள் ராத்திரியில் நிற்கிற இடம். இப்போது பக்கத்துக் காட்டையும் சேர்த்து, பெட்ரோல் பங்க், லாரி நிறுத்தம், தங்கும் அறை என்று பெரிசாக்கப் போகிறார்கள். அனுமதி கேட்டு மனுவும் போட்டாச்சு.

நாம யார் பிழைப்புக்கும் எதிரி கிடையாது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்குது. நம்ம பாலும் முருங்கைக்காயும் அங்கே போகுது. நாம கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கடை பெருகினால் ரோட்டில் வண்டி எவ்வளவு பெருகும், அதில் யார் உயிருக்கு என்ன ஆபத்து என்று முதலில் கணக்குப் போடு. அப்புறம் அனுமதி கொடு.

2022-ஆம் வருசம் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்து நடந்திருக்கு. செத்தவர்கள் 17,884 பேர். இது மத்திய அரசே வெளியிட்ட கணக்கு. ஒரு நாளைக்கு 49 சாவு! போன வருசம் நம்ம பிரிவிலேயே, விடியக்காலம் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன நம்ம சங்கத்து ஆளுக்கு ஒரு கால் போச்சு. அவர் இன்றைக்கும் கட்டிலில்தான் இருக்கிறார்.

இதை நம்ம காட்டுக் கணக்கிலேயே சொல்றேன். டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்தா 9 மீட்டர் நீளம் வரும். ரோட்டில் ஒரு பக்கத்தைத் தாண்ட இன்னொரு 9 மீட்டர். ஆக, வண்டி வால் தாண்டி முடிய 18 மீட்டர் நகரணும். பாரம் ஏத்தின வண்டி நின்ன இடத்திலிருந்து கிளம்பி அதைக் கடக்க 12 விநாடி ஆகுது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற பஸ் அந்த 12 விநாடியில் கிட்டத்தட்ட 267 மீட்டர் ஓடிடும். அவ்வளவு தூரத்துக்கு ரோடு வெறிச்சுனு தெரிஞ்சாத்தான் நாம உயிரோட தாண்ட முடியும்.

தெரியுதா? நடுத்திட்டில் அரளிச்செடி ஆள் உயரம் நிற்குது. மோட்டல் வாசலில் பஸ் நின்னு மறைக்குது. விளம்பர விளக்கு கண்ணைக் கூசுது. சரி, பாதி தாண்டி நடுவில் நிற்கலாம் என்றால், நடுத்திட்டு அகலம் 4, 5 மீட்டர்தான். 9 மீட்டர் வண்டியின் வால் ரோட்டில்தான் கிடக்கும்! இன்னும் நூறு லாரி உள்ளே போய் வெளியே வந்தா என்ன ஆகும்? வேகம் குறைச்சு உள்ளே திரும்பத் தனிப் பாதை இல்லாவிட்டால், லாரி ஓடுற பாதையிலேயே பிரேக் அடிப்பான். பின்னால் வர்றவன் மோதுவான். உள்ளே இடம் நிறைஞ்சா விளக்கை அணைச்சு ரோட்டோரம் நிறுத்துவான். அதில் மோதுவது நம்ம எக்செல் வண்டிதான்.

அதிகாரிகள் எண்ணிப் பார்த்தோம் என்பார்கள். எப்போது எண்ணினீர்கள்? பகல் 11 மணிக்கா? நாம தாண்டுறது விடியக்காலம் 4 மணியிலிருந்து 6 மணி வரைக்கும். ஆம்னி பஸ் டீக்கு நிற்கிறதும் அதே நேரம். சாதாரண நாளில் எண்ணினால் முருங்கை சீசன் எங்கே தெரியும்? தலையை எண்ணினாலும் போதாது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி லாரி 3 காருக்குச் சமம், டிரெய்லர் பூட்டிய டிராக்டர் நாலரை காருக்குச் சமம். பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிப் பிள்ளைகளையும், ஆடு மாடு ஓட்டி வர்றவங்களையும் எந்தக் காரோடு சேர்ப்பீர்கள்?

இன்னொன்றும் கவனமாக் கேளுங்க. மேசையில் உட்கார்ந்தபடியே ஒரு சுலப வழி சொல்வார்கள்: "நடுத்திட்டு இடைவெளியை அடைச்சுடு." ஆபத்து போச்சு என்று எழுதிவிடுவார்கள். ஆனா போகாது! அடுத்த திருப்பம் ரெண்டரை கிலோமீட்டர். போய்த் திரும்பினா 5 கிலோமீட்டர். டீசல் விலைக்குப் பயந்து நம்ம ஆளே எதிர்த்திசையில் வண்டியை விடுவான். விபத்து நடந்தா வழக்கும் நம்ம மேலேயே. கடைக்காரருக்கு வாசல், நமக்குச் சுவர் - இதுவா நியாயம்?

தேசிய நெடுஞ்சாலைக்கு யார் வாசல் வைத்தாலும் அனுமதி வாங்கணும் என்று 2002-ஆம் வருசத்துச் சட்டம் சொல்லுது. அந்த அனுமதி மனுவையும் வரைபடத்தையும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருக்கிறோம். 30 நாளில் பதில் வரணும். நாமும் சும்மா இருக்க வேண்டாம். மூணு நாள், 24 மணி நேரமும், முறை வைத்து நம்ம இளைஞர்கள் பிரிவில் உட்கார்ந்து எண்ணட்டும். வண்டி வகை, நேரம், போற திசை - மூணும் நோட்டில் ஏறணும். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போடுவோம்.

நம்ம பக்கம் தப்பு இருந்தா அதையும் திருத்துவோம். டிரெய்லர் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டாமல் ராத்திரி வண்டி எடுக்காதீங்க. ராங் சைடு போகாதீங்க. நாம சுத்தமா இருந்தாத்தான் குரல் ஏறும்.

நமது கோரிக்கைகள்:

1. போக்குவரத்து, பாதுகாப்பு பாதிப்பை முருங்கை சீசனிலும் விடியக்காலத்திலும் எண்ணி, அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

2. உள்ளே நுழையவும் வெளியேறவும் தனிப் பாதை, லாரிகள் நிற்க உள்ளேயே இடம் - இவை முடியாமல் விரிவாக்கத்தைத் திறக்காதே!

3. சர்வீஸ் ரோடும் சுரங்கப்பாதையும் அமைக்காமல் நடுத்திட்டு இடைவெளியை அடைக்காதே!

4. இடைவெளி அருகே அரளியை வெட்டு, விளக்குப் போடு!

5. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழு நேரில் வந்து பார்க்கட்டும். எங்களையும் வைத்துப் பேசட்டும்!

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வட்டாட்சியர் அலுவலகம் முன்பு கூடுவோம். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வரணும். ரோட்டைத் தாண்டும்போது பார்த்து வாங்க.

உழவர் ஒற்றுமை ஓங்குக!