குளவிக்கூடு ஒரு வீட்டு விசயமல்ல, முழு லயத்து விசயம்

(சங்கத்தின் மாதர் பிரிவும் இளைஞர் பிரிவும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுரிமையைப் பற்றியும் கதைக்கிற மேடையில் இன்றைக்குக் குளவியைப் பற்றிக் கதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது சின்ன விசயமில்லை. நம்முடைய தோட்டங்கள் பத்திரிகையில் வருவது எப்போது? மண் சரிந்தால் வரும். லயம் தீப்பிடித்தால் வரும். குளவி கொட்டினால் வரும். "குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி" என்ற செய்தியை நுவரெலியாவிலும் பதுளையிலும் வாசித்து வாசித்து நமக்குப் பழகிப்போய்விட்டது. சில நாளைக்கு அந்தச் செய்தியின் கடைசி வரியில் ஒரு சாவும் இருக்கும். அதையும் "விதி" என்று சொல்லி மடித்து வைத்துவிடுகிறோம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கொட்டு நடந்த இடத்தில் போய் விசாரித்தால், அந்தக் கூடு அன்றைக்குக் காலையில் வந்ததாக யாரும் சொல்வதில்லை. தொங்கல் காம்பராக்காரர் பார்த்திருப்பார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பார்த்திருக்கும். கொழுந்தெடுக்கும் அக்கா பார்த்திருப்பார். எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான்: கூட்டைக் கண்டவர் அதைத் தொடவும் கூடாது, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் கூடாது.

எது எந்தக் கூடு?

நாம் எல்லாவற்றையும் குளவி என்றுதான் சொல்கிறோம். ஆனால் நாலு வகையைப் பிரித்துத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சிங்களத்தில் பம்பரா என்று சொல்லும் பெரிய தேனீ. உயர்ந்த மரக்கிளையிலும், கற்பாறையிலும், சில வேளை கட்டடத்தின் உயரத்திலும் ஒரே தட்டாகத் தொங்கும். கூட்டை மூடி உறை எதுவும் இருக்காது, தேனீக்களே மேலே போர்வை மாதிரி அப்பிக்கொண்டிருக்கும். ஒரு பருந்து வந்து கூட்டில் மோதினால் போதும், கீழே வேலை செய்கிற நம்மீது பாயும். வெகுதூரம் துரத்தியும் வரும்.

இரண்டாவது, தெபரா என்கிற பெருங்குளவி. கறுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை. மரத்தை மென்று, காகிதம் போல ஆக்கி, பந்து மாதிரிக் கூடு கட்டும். வெளியே ஒரு ஓட்டை மட்டும் தெரியும். மரத்திலும் கூரை ஓரத்திலும் கட்டும், தேயிலைச் செடிக்குள்ளும் கட்டும். மண் பொந்துக்குள் கட்டுகிற வகையும் உண்டு. கான் வெட்டப் போனவர்கள் அதில் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் திண்டாடியிருக்கிறார்கள்.

மூன்றாவது, வீட்டு இறப்பிலும் ஜன்னல் மூலையிலும் கவிழ்த்த குடை போலச் சின்னதாகக் கட்டும் சிறு குளவி. இதற்கு உறை இல்லை, கண்ணறைகள் வெளியே தெரியும்.

நான்காவது, சுவரில் மண்ணை அப்பி வைக்கிற மண் குளவி. இது தனியாக வாழ்வது, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வராது, பிடித்து நசுக்கினாலொழிய கொட்டுவது அரிது. அதை விட்டுவிடலாம்.

ஒரு முக்கியமான வித்தியாசம். தேனீ கொட்டினால் அதன் கொடுக்கு நம் தோலிலேயே தங்கி, விசத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். குளவியின் கொடுக்கு தங்காது, அதனால் ஒரே குளவி பலமுறை கொட்டும். இரண்டுமே கொட்டும்போது ஒரு வாசனையை விடும். அந்த வாசனை மற்றவற்றைக் கூப்பிடும். அதனால்தான் கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளவியைக் கூட அடித்து நசுக்கக் கூடாது என்கிறோம்.

வீட்டைச் சுற்றி எங்கே பார்ப்பது?

கிழமைக்கு ஒரு தடவை, பகல் வெளிச்சத்தில், தூரத்தில் நின்று பாருங்கள். கூரை ஓரம், பீலி, சீலிங் ஓட்டை, கக்கூசின் பின்பக்கம், விறகு அடுக்கு, மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டத்து வேலி, பிள்ளைக் காம்பராவுக்கு மேலே நிற்கும் மரம். கூடு தெரியாவிட்டாலும், குளவிகள் ஒரே இடத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தால் அங்கே கூடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

இளைஞர்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். தீப்பந்தம் கொளுத்தி கூட்டை எரிப்பது வேண்டாம். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் கூரை ஒன்று. ஒரு கூட்டை எரிக்கப் போய் முழு லயத்தையும் கொளுத்திவிட்டால், பிறப்புச் சான்றிதழ் முதல் பிள்ளைகளின் புத்தகம் வரை மிஞ்சாது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றுவதும் அப்படித்தான். கல்லெறிவது, கெட்டப்போலால் அடிப்பது, ஏணி வைத்து ஏறுவது வேண்டாம். ஏணியில் நிற்கும்போது கொட்டினால் விழுந்தே சாவு வரும். புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குளவிக்கு அடிக்க வேண்டாம். சீலிங் ஓட்டையை வெளியிலிருந்து சீமெந்து பூசி அடைத்தால், உள்ளே மாட்டிய குளவி வீட்டுக்குள் வழி தேடும்.

இரவில் குளவி தூங்கும் என்று டோர்ச் எடுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இரவில் அவை கூட்டில் இருக்கும் என்பது சரி. ஆனால் கலைந்தால் நேரே வெளிச்சத்துக்குத்தான் வரும். அந்த வெளிச்சம் உங்கள் கையில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? கூட்டின் கீழே யாரும் நடமாடாமல் தூரத்திலேயே கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அன்றைக்கே தோட்டத் தலைவருக்கும் வெளிக்கள உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். கூட்டை அகற்றுவது பழக்கப்பட்ட ஆட்கள், உடம்பு முழுவதும் மூடும் உடுப்போடு, லயத்து ஆட்களை வெளியேற்றிய பிறகு செய்கிற வேலை. அந்த ஆட்களைக் கொண்டுவரும்படி நிர்வாகத்தைக் கேட்பது நம் கடமை. ஆள் நடமாட்டமில்லாத காட்டு மரத்தில் பெரிய தேனீ தொங்கினால் அதை விட்டுவிடலாம். பருவம் மாறும்போது அது தானாக இடம் மாறிப் போகும்.

இன்னொன்று. திருவிழாவுக்கும் மரண வீட்டுக்கும் முன்னால் மரங்களைப் பாருங்கள். வெடியும் புகையும் தப்புச் சத்தமும் கூட்டைக் கலைக்கும். தேர் போகிற பாதையில் கூடு இருந்தால், அந்த இடத்தில் வெடி கொளுத்த வேண்டாம் என்று கோயில் கமிட்டி முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும். புல்வெட்டும் மெஷினைத் தொடங்குவதற்கு முன்னும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

கலைந்து வந்துவிட்டால்

ஒன்றிரண்டு சுற்றினால் கையை வீசாமல் மெதுவாக விலகுங்கள். கூட்டமாக வந்தால் நிற்கக் கூடாது, ஓட வேண்டும். மலையில் நிற்பவர்கள் கூடையைக் கழற்றிப் போடுங்கள். கொழுந்து போனால் போகட்டும். படங்கையோ சாக்கையோ தலையிலும் முகத்திலும் போர்த்திக்கொண்டு, செடிக்குள் புகாமல் பாதை வழியே ஓடுங்கள். சரிவில் விழுந்தவர்தான் அதிகம் கொட்டு வாங்குவார். கதவு மூடக்கூடிய வீடோ வாகனமோ கிடைக்கும்வரை ஓடுங்கள். தண்ணீரில் குதிக்க வேண்டாம், மேலே சுற்றிக்கொண்டு நிற்கும். ஓட முடியாத வயதானவரைக் கம்பளியால் மூடுங்கள். பிள்ளைகள் நிற்கும் பக்கம் ஓடாதீர்கள்.

கொட்டிய பிறகு

கொடுக்கு தோலில் இருந்தால் நகத்தாலோ கத்தியின் முதுகாலோ உடனே வழித்தெடுங்கள். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதுதான் முக்கியம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணியை வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. சுண்ணாம்பு, பற்பசை, மண்ணெண்ணெய் பூசிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம். "வலி தெரியாமல் இருக்கட்டும்" என்று சாராயம் கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள்.

ஒரேயொரு கொட்டிலும் ஒருவருக்கு உயிர் போகலாம். மூச்சுத் திணறல், நாக்கோ தொண்டையோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, தலைசுற்றி விழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அதற்கு வேண்டியது அட்ரினலின் ஊசி. 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், இரவு பகல் எந்நேரமும், பணம் கிடையாது. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த லயம், எந்தப் பாதையால் வரவேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளியை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரவிடுங்கள். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் தோட்ட வாகனத்தைக் கேளுங்கள். கொழுந்து ஏற்றவேண்டும் என்ற பதில் அங்கே செல்லாது.

நிறையக் கொட்டு வாங்கியவர்களுக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. அன்றைக்கு எழுந்து நடப்பார், சோறு சாப்பிடுவார், "ஒன்றுமில்லை" என்பார். ஆனால் விசம் தசையையும் இரத்தத்தையும் சிதைத்து, சிறுநீரகத்தை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் கழித்து மூத்திரம் குறையும், சாயத்தண்ணி நிறத்தில் போகும். அந்த நிறத்தைக் கண்டால் அது ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நிறம். நெஞ்சு வலித்தாலும் அப்படியே. அதனால் பல கொட்டு வாங்கியவர், பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், பிரசர், இருதய வருத்தம் உள்ளவர்கள் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். எத்தனை கொட்டு, எத்தனை மணிக்கு, என்னென்ன குளிசை எடுக்கிறவர் என்பதைக் கூடப் போகிறவர் சொல்ல வேண்டும். வாயிலும் தொண்டையிலும் கொட்டியிருந்தால் அது எப்போதும் அவசரம்தான்.

நம்முடைய உரிமை

வேலை நேரத்தில் மலையில் கொட்டினால் அது வேலைத்தல விபத்து. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின் காரணமாக, வேலையின்போது நேரும் விபத்துக்கானது. இறந்தவரில் தங்கி வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் காகிதம் இல்லாமல் உரிமை நிற்காது. விபத்து தோட்டப் புத்தகத்தில் பதியப்பட்டதா என்று தலைவர் அன்றைக்கே பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் நோய் நிர்ணய அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்தில் நின்றவர்களின் பெயரை எழுதி வையுங்கள். சங்கக் காரியாலயத்துக்கு உடனே அறிவியுங்கள். கொட்டு வாங்கியவருக்கு அரைப் பேர் போட்டு அனுப்பினால், அதையும் எழுதிக் கொண்டுவாருங்கள்.

கூடு இருக்கும் மலையில் ஆட்களை இறக்கச் சொன்னால், கூடு அகற்றப்படும்வரை வேறு மலை தரும்படி கேளுங்கள். ஒருத்தி கேட்டால் அவள் வாயாடி என்பார்கள். முழுக் கூட்டமும் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும் கூடு பார்க்க இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஒரு கொப்பியில் கூடு கண்ட திகதி, இடம், யாரிடம் சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியில் கையெழுத்து வாங்கி வையுங்கள். மூன்றாவது, 1990 என்ற இலக்கத்தை ஒவ்வொரு காம்பராக் கதவுக்குப் பின்னாலும் கரியால் என்றாலும் எழுதுங்கள்.

நாளைக்கு ஒரு கூடு கலைந்து ஒருவர் விழுந்தால், "யாருக்கும் தெரியாது" என்று நிர்வாகம் சொல்ல முடியாதபடி அந்தக் கொப்பி இருக்க வேண்டும். அதைவிட, அந்தக் கொப்பி இருக்கிற லயத்தில் யாரும் விழாமலே இருக்க வேண்டும்.